அந்தமானில் ஒரு நாள்: எத்தனை தீவு, யாரெல்லாம் கடலில் இறங்கலாம்?

புதுவயல் மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் என் கணவர் திரும்பி வந்ததும், பிப்ரவரி நடுவில் குடும்பத்தோடு அந்தமான் போவதாக இருக்கிறோம். நாங்கள் இருவர், 11 வயது மகன், 7 வயது மகள், மாமியார், கல்லூரியில் படிக்கும் நாத்தனார். மாமியாருக்கு 63 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி நன்றாக நடக்கிறார்.

படகில் தீவு தீவாகப் போய்ப் பவளப்பாறை பார்க்க ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறோம். அந்த ஒரு நாளை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் குழப்பம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர், ராஸ் தீவு, நார்த் பே, வைப்பர் தீவு மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிடலாம், நார்த் பேயில் ஸ்நார்கெலிங் (முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யலாம் என்கிறார். இன்னொருவர் ஜாலி பாய் தீவு மட்டும் போதும் என்கிறார். ஹேவ்லாக் தீவுக்குப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள எலிஃபெண்ட் பீச்சில் பார்த்துக்கொள்ளலாமே என்கிறார் மூன்றாமவர்.

எங்களில் என் கணவருக்கு மட்டும் நீச்சல் தெரியும். அதுவும் கண்மாயில் பழகியது. மற்ற யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. மாமியார் சேலை தவிர வேறு உடுத்தியதில்லை. "நான் கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று இப்போதே சொல்லிவிட்டார். மகன் கண்ணாடி போடுகிறான். எனக்குப் பஸ்ஸில் மலை ஏறினாலே தலை சுற்றும். இப்படி ஒரு குடும்பம் கடலில் இறங்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி (ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை) பதில்:

அம்மா, முதலில் அந்த மூன்று இடத் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். படகு ஏற ஒரு வரிசை, இறங்க ஒரு வரிசை, "இன்னும் அரை மணி நேரம்தான்" என்று ஒரு குரல். மூன்று இடத்திலும் கால் பட்டிருக்கும், ஒன்றிலும் கண் பட்டிருக்காது.

ராஸ் தீவு பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. பிரிட்டிஷார் அந்தமான் முழுவதையும் அங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்றைக்கு இடிந்த சுவர்களை மரத்தின் வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன, நடுவே புள்ளிமான்கள் திரிகின்றன. இப்போது அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆனால் அதற்கு ஒரு பிற்பகல் தனியாகக் கொடுங்கள். பவளப்பாறை பார்க்கும் நாளோடு சேர்க்காதீர்கள். நார்த் பேயின் கலங்கரை விளக்கம் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டில் இருந்தது. பிள்ளைகளிடம் அந்த நோட்டைக் காட்டினால் படகிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் ஒரு நாளை ஜாலி பாய்க்குக் கொடுங்கள். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கிறது அது. மொத்தம் 15 தீவுகள், 281.5 சதுர கிலோமீட்டர். யாரும் தங்க முடியாது, கடை கிடையாது, பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அதனால்தான் பாறை இன்னும் உயிரோடு இருக்கிறது. கரையிலிருந்து வெகுதூரம் போகவும் வேண்டாம். கொஞ்சம் உள்ளே போனதுமே பவளம் தொடங்கிவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. நீந்தத் தெரியாதவர்கள் இறங்கலாமா? தாராளமாக இறங்கலாம். எனக்கும் நீந்தத் தெரியாது. அறுபது வயதுக்குப் பிறகுதான் முதன்முறையாக முகத்தைக் கடலுக்குள் வைத்தேன். ஸ்நார்கெலிங் என்பது நீச்சல் இல்லை, மிதத்தல். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கிறது, லைஃப் ஜாக்கெட் மீதியைப் பார்த்துக்கொள்கிறது, கூட வரும் வழிகாட்டி மிதவை வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை மூச்சு விடுவது.

அந்த ஒரே வேலைதான் கடினம். பிறந்ததிலிருந்து மூக்கால் மூச்சு விட்டுப் பழகிய உடம்பை, மூக்கை அடைத்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, வாயால் மூச்சு விடு என்றால் அது முரண்டு பிடிக்கும். நெஞ்சு படபடக்கும். பலர் அந்த இடத்தில் பயந்து, "எனக்கு இது ஒத்துவராது" என்று கரையேறிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கடலோடு சண்டையே இல்லை, பழக்கம்தான் இல்லை. பழக்கத்தைக் காரைக்குடியிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம். முகக்கண்ணாடியும் குழாயும் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும். வீட்டில் பெரிய அண்டா இல்லாத செட்டிநாட்டு வீடு உண்டா? வளவில் அண்டாவை வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். முதலில் தண்ணீர் இல்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாய் வழியாக நிதானமாக மூச்சு விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். அது பழகியதும் குனிந்து முகத்தைத் தண்ணீரில் வையுங்கள். குழாயில் தண்ணீர் ஏறினால் "ஃபூ" என்று ஒரே ஊதலில் வெளியே தள்ள வேண்டும். இதையும் அண்டாவிலேயே பழகுங்கள். பிள்ளைகள் உங்களைவிட முன்னால் கற்றுக்கொள்வார்கள். தினமும் கொஞ்ச நேரம், ஒரு வாரம் போதும். பிள்ளைகள் அண்டாவில் முகம் வைக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

முகக்கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்க்கும் வழி: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நெற்றி முடி உள்ளே சிக்கியிருந்தால் நீர் கசியும். உங்கள் கணவர் விரதத் தாடியோடு வருகிறார் என்றால் அவருக்கும் கசியும். தாடியை எடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். பழனியில் முடி இறக்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குப்புற மிதக்கும்போது வெயில் முழுவதும் மண்டையிலும் பிடரியிலும் கெண்டைக்காலிலும்தான் விழும். தண்ணீரின் குளிர்ச்சியில் சூடு தெரியாது, இரவில்தான் எரியும். தலைக்குத் துணி கட்டி, முழுக்கைச் சட்டை போட்டு இறங்கட்டும். வெயில் தைலம் பூசுவதைவிடத் துணி நல்லது. தைலத்தில் இருக்கும் சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது.

பவளம் என்ன என்பதைப் பிள்ளைகளுக்குப் போகும் முன்பே சொல்லிக்கொடுங்கள். பாறை என்று நாம் சொல்கிறோம், ஆனால் அது விலங்கு. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரை இருக்கும் மென்மையான உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து, கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. தண்ணீர் அளவுக்கு மேல் சூடானால் இந்த உறவு முறிந்து பாசி வெளியேறிவிடும். அப்போது பவளம் வெளுத்துப்போகும், நீண்ட நாள் அப்படியே இருந்தால் செத்துவிடும். 2010இல் அந்தமானில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது. அதற்கு முன் 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானில் தரையே உயர்ந்து, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து காய்ந்து மடிந்தன. ஆகவே கீழே சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகள்போலக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் செத்த கிளைகளின் மேலேயே விரல்நகம் அளவுக்குப் புதிய பவளம் ஊதா நிறத்தில் முளைத்திருக்கும். அதைத் தேடச் சொல்லுங்கள்.

நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் சாக்கட்டியால் படம் வரைந்து குழியுடலிகளை, அதாவது பவளம், கடல் சாமந்தி போன்றவற்றை, நடத்தியவள். உணர்நீட்சிகள், வாய், குடற்குழி என்று பாகம் குறித்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதே உயிர்கள் அலை வரும் பக்கமெல்லாம் அசைந்துகொண்டு என் முகத்துக்குக் கீழே இருந்தபோது குழாயைக் கடித்துக்கொண்டே அழுதேன். கடல் சாமந்தியின் விரல்களுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. ராட்சதச் சிப்பி நீலப் பட்டு விளிம்போடு வாய் திறந்திருந்தது, என் நிழல் பட்டதும் சுருங்கியது. கிளிமூக்கு வாய் கொண்ட மீன்கள் செத்த பவளத்தைக் கடிக்கும் சத்தம் காதில் தெளிவாகக் கேட்கும். அவை கடித்துத் தின்று கழிக்கும் பொடியும் சேர்ந்ததுதான் அந்தக் கடற்கரை வெள்ளை மணல். இதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்க்க முடியாது அம்மா. முதல் கால் மணி நேரம் மூச்சைப் பற்றிய கவலையிலேயே போய்விடும். கண் திறப்பதே அதற்குப் பிறகுதான். ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தால் ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். மூன்று இடம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. களைத்தால் மல்லாந்து படுத்து மிதக்க வேண்டும், காலை ஊன்றக் கூடாது. கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் எல்லாம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். கை நீட்டும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். கையைக் கட்டிக்கொண்டு மிதக்கப் பழக்குங்கள். துடுப்புச் செருப்பு முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம். பின்னால் என்ன உடைகிறது என்பதே தெரியாது. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு என்றாலும் எடுத்து வரக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

வண்டூர்க்காரன் பதில்:

சிவகங்கைப் பக்கம் பூர்வீகம், பிறந்து வளர்ந்தது இங்கே அந்தமானில். படகுத் தொழிலில் இருக்கிறேன். ஆச்சி சொன்னது அத்தனையும் சரி. நடைமுறை விஷயங்களை நான் சேர்க்கிறேன்.

ஜாலி பாய்க்குப் படகு வண்டூரிலிருந்து காலையில் கிளம்பும். வண்டூர், போர்ட் பிளேர் நகரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. வனத்துறை அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வண்டூர் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் ஜாலி பாயை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள். நீங்கள் வருவது பிப்ரவரி என்பதால் ஜாலி பாய்தான். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி.

படகு ஒரு மணி நேரம் போகும். முதல் பாதி சதுப்புநிலக் காடுகளுக்கும் தீவுகளுக்கும் நடுவே, ஆட்டம் இருக்காது. தலை சுற்றும் அக்கா படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்துத் தீவின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். குனிந்து செல்போன் பார்த்தால் முடிந்தது கதை. வாந்தி மாத்திரை போடுவதென்றால் ஏறிய பிறகு பயனில்லை, முன்பே போட வேண்டும். பெரியம்மா ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுவதால் அவருக்கு உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொடுங்கள். அவர் தண்ணீரில் இறங்கலாமா என்பதையும் அதே நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய படகு தீவின் கரையைத் தொடாது. தள்ளி நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகுக்கு மாற்றுவோம். இரண்டும் ஆடிக்கொண்டிருக்கும்போது கால் மாற்றி வைக்க வேண்டும். சேலையில் அது சிரமம். பெரியம்மாவுக்கு அன்று ஒரு நாள் சுடிதார் நல்லது. கால் எடுத்து வைக்கும்போது எங்கள் ஆள் முழங்கையைப் பிடிப்பார், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கழிப்பறையை வண்டூரிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

தீவில் சாப்பிட எதுவும் கிடைக்காது. தண்ணீரும் உணவும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், பிளாஸ்டிக் பாட்டிலிலோ பையிலோ இல்லாமல்.

வண்டூர்க் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அது வேடிக்கைக்கு வைத்தது இல்லை. உப்புநீர் முதலை இந்தக் கழிமுகங்களில் உண்டு. படகு வரும் வரை பிள்ளைகள் கால் நனைக்க ஓடினால் தடுத்து நிறுத்துங்கள். குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்கலாம்.

எலிஃபெண்ட் பீச்சும் மோசமில்லை. ஹேவ்லாக் துறையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான், ஆழமும் குறைவு. ஆனால் நீர்ச் சறுக்கு வண்டிகளின் இரைச்சல் உண்டு, கூட்டமும் உண்டு. ஜாலி பாய் சீட்டு கிடைக்கவில்லை என்றால் அங்கே காலை முதல் படகில் போய்விடுங்கள்.

இன்னொன்று, இங்கே சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்பே இருட்டிவிடும். ஐந்தரைக்குச் சூரியன் போய்விடும். மாலைத் திட்டம் எதையும் ஊர்க் கணக்கில் போடாதீர்கள்.

திருவாடானைத் தம்பி பதில்:

அக்கா, அந்தமான் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரங்காடு போய் வாருங்கள். தொண்டிக்குத் தெற்கே, தேவகோட்டை வழியாக வந்துவிடலாம். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். உங்களுக்குத் தலை சுற்றுகிறதா, பெரியம்மாவால் படகில் ஏறி இறங்க முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பவளம் கிடையாது, ஆனால் பறவைகளும் காடும் மனதை நிறைக்கும்.

இந்தக் கடலும் சாதாரணமானது இல்லை. கடற்புல் தின்னும் ஆவுளியா, அதாவது கடல்பசு, பாக் நீரிணையில் இருக்கிறது. அதற்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அந்தமானின் மாநில விலங்கும் அதே ஆவுளியாதான். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

புதுவயல் மருமகள்:

ஆச்சி, அண்ணன், தம்பி, மூவருக்கும் நன்றி. ஜாலி பாய் என்று முடிவு செய்துவிட்டோம். காரங்காட்டுக்கும் வருகிற ஞாயிறு போகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். மகன் கண்ணாடி இல்லாமல் என்ன பார்ப்பான்? மகளுக்கு ஏழு வயதுதானே, பெரியவர்கள் ஜாக்கெட் அவளுக்கு நிற்குமா?

தேவகோட்டை ஆச்சி:

சாதாரணக் கண்ணாடியை முகக்கண்ணாடிக்குள் போட முடியாது. காதுக்குப் போகும் கம்பி இடைவெளி விட்டு நீர் புகும். பவர் குறைவு என்றால் கவலையே வேண்டாம், தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரிவதால் சமாளித்துவிடுவான். பவர் அதிகம் என்றால் பவர் பதித்த முகக்கண்ணாடி விற்கிறார்கள்; அவன் கண்ணாடிச் சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே விசாரித்து வாங்கிவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

மகளுக்குக் குழந்தை அளவு ஜாக்கெட்தான் வேண்டும். தொடைக்கு இடையே வரும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறிக் கழுத்தை நெருக்கும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதுக்கு மேல் போனால் அது அவள் அளவு இல்லை. அங்கே கிடைக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் ஊரிலிருந்தே வாங்கிப் போங்கள். அவள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் உங்கள் கணவர் வேறு எதையும் பார்க்கக் கூடாது. கண்மாயில் நீந்தியவர் என்பதற்காக ஜாக்கெட்டைக் கழற்றி வைக்கவும் விடாதீர்கள். கண்மாயில் நீரோட்டம் இல்லை, கடலில் உண்டு.

சாப்பாட்டுக்கு எவர்சில்வர் அடுக்கில் இட்லியும், தகர டப்பாவில் சீப்புச் சீடையும் தேன்குழலும் போதும். உப்புத் தண்ணீரில் இருந்து ஏறினால் அகோரப் பசி எடுக்கும். புளிச்சோறு படகுக்கு முன் வேண்டாம்.

மாமியார் பை காக்கும் விஷயத்தை நான் விடுவதாக இல்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை குளத்தங்கரையில், எத்தனை கோயில் வாசலில் பை காத்திருக்கிறோம். மருத்துவர் சரி என்று சொன்னால் அவரைக் கட்டாயம் இறக்குங்கள். ஆழத்துக்கு வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் மணல் இருக்கும் இடமாகப் பார்த்து, வழிகாட்டியும் நாத்தனாரும் இரண்டு பக்கமும் கை கொடுக்க, முகத்தை மட்டும் உள்ளே வைக்கட்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் கண்ணாடிப் படகில் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்று கூட்டிக்கொண்டு போங்கள். பையை முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அண்டாப் பயிற்சியிலும் அவரை முதல் ஆளாக உட்கார வையுங்கள், பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கட்டும்.

வண்டூர்க்காரன்:

பயிற்சிக்கு வாங்கும் கண்ணாடியையும் குழாயையும் கையோடு கொண்டுவாருங்கள் அக்கா. வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் பலர் வாயில் வைத்தது. குழாயின் வாய்ப்பகுதி மகளுக்குச் சிறிய அளவில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். செவ்வாய் அல்லது புதன்கிழமைக்குச் சீட்டு எடுங்கள். கிளம்பும் முன் அந்த நாளின் நீரேற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் பவளத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே இடம் குறைவு, புதியவர்கள் உரசிவிடுவார்கள்.

புதுவயல் மருமகள்:

புதன்கிழமை என்று குறித்துக்கொண்டேன். ஆச்சி எழுதியதை மாமியாருக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை போகலாம் என்கிறார்.